தூண்டில் பக்கம்: ஏரிக்கடியில் பணியாரக்கல்

கேள்வி: மகன் டெக்சாஸில், டாலஸ் பக்கம் வேலை பார்க்கிறான். மே மாதம் போய் இரண்டு மாதம் தங்கப் போகிறேன். பழைய படகு ஒன்று வாங்கியிருக்கிறான். அதில் சைட் இமேஜிங் சோனார், அதாவது பக்கவாட்டில் ஒலி வீசி ஏரித் தரையைப் படமாகக் காட்டும் கருவி, இருக்கிறது. ப்ளூகில் மீன் முட்டையிடத் தோண்டும் குழிகளை அதில் பார்க்கலாம் என்கிறார்கள், தனக்கு ஒன்றும் பிடிபடவில்லை என்று திரையைப் படமெடுத்து அனுப்பினான். எனக்கும் பழுப்பு நிறத்தில் சேறுதான் தெரிகிறது. படத்தை இணைத்திருக்கிறேன். எப்படிப் பார்ப்பது?
வாசகர், ஈசூன், சிங்கப்பூர்

பதில்: படத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ஐயா, குழிகள் அதிலேயே இருக்கின்றன. வலது பாதியில், நடுக் கறுப்புப் பட்டையிலிருந்து இரண்டு விரற்கடை தள்ளி, புள்ளி புள்ளியாக ஒரு திட்டு தெரிகிறதே, அதுதான். பணியாரக்கல்லை மேலிருந்து பார்த்த மாதிரி, விளிம்போடு விளிம்பு ஒட்டிய வட்டங்கள். மகன் அதைத் தாண்டிப் போய்விட்டார், அவ்வளவுதான்.

திரையில் எது எது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். படகு உச்சியில், நடுவில் இருக்கிறது. புது வரி மேலே சேரச் சேரப் பழையது கீழே இறங்கும். நடுவில் ஓடும் கறுப்புப் பட்டை வெறும் தண்ணீர். ஒலி கிளம்பித் தரையைத் தொட்டுத் திரும்பும்வரை உள்ள இடைவெளி. பட்டை அகன்றால் ஆழம் கூடுகிறது, குறுகினால் மேடு ஏறுகிறது. அதன் இரு பக்கமும் விரிவதுதான் ஏரியின் தரை. சரளை, சிப்பி, கெட்டி மணல் எல்லாம் ஒலியைப் பலமாகத் திருப்பி அனுப்பும், வெளிறித் தெரியும். சேறு பாதியை விழுங்கிவிடும், மங்கித் தெரியும். ஒலி எட்டவே எட்டாத இடம் கன்னங்கரேலென்று இருக்கும். அது நிழல். உங்கள் மகன் படிக்க வேண்டியது அதைத்தான்.

நான் இந்தத் தொழிலைக் கற்றதே நிழலில்தான். கடலடி அளக்கும் படகில் வேலை பார்த்த காலத்தில் வண்ணத் திரை கிடையாது. பெட்டியிலிருந்து காகிதச் சுருள் மெதுவாக நகர்ந்து வரும். ஊசி அதைப் பொசுக்கிப் பொசுக்கிக் கோடு போடும். அறை முழுக்கக் கருகல் வாடை. சட்டையில் ஏறினால் வீடுவரை வரும். எங்கள் மேலாள் பொருளைப் பார்க்கவே மாட்டார். அடிக்கோலை எடுத்து நிழலின் நீளத்தை அளந்துவிட்டு, "இது டிரம், நிமிர்ந்து நிற்கிறது" என்பார். பக்கவாட்டில் ஒலி வீசிப் படம் எடுக்கும் இந்த வித்தையை 1960களில் அமெரிக்காவில் எட்கர்ட்டன், க்ளைன் போன்றவர்கள் கப்பலுக்குப் பின்னால் கட்டி இழுக்கும் கருவியாக வளர்த்தார்கள். அதைச் சுருக்கி மீன்பிடிப் படகின் பின்பக்கம் திருகி மாட்டும் அளவுக்கு ஹம்மின்பேர்ட் கொண்டுவந்தது 2005இல். பிறகு லோரன்ஸ், கார்மின் எல்லாரும் வந்துவிட்டார்கள். எந்தப் பெட்டியானாலும் படிக்கும் முறை ஒன்றுதான்.

கல்லோ அடிமரமோ மேடாக நின்றால் ஒலி முதலில் அதன் மேல் மோதும். எனவே படகைப் பார்த்த பக்கம் வெளிச்சம், அதற்கு அப்பால் நிழல். குழி இதற்கு நேர்மாறு. படகுப் பக்கத்து விளிம்பு ஒலியை மறைக்கும். ஒலி அதைத் தாண்டிப் போய் எதிர்ச்சுவரில் மோதும். எனவே முதலில் நிழல், பிறகு வெளிச்சம். நடுப்பட்டையிலிருந்து வெளியே போகும்போது கறுப்பு முந்தினால் குழி, வெள்ளை முந்தினால் மேடு. இதை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதித் திரைக்குப் பக்கத்தில் ஒட்டச் சொல்லுங்கள். சரளைக் குவியலைக் குழி என்று நினைத்துக் காலை முழுக்கத் தூண்டில் போடுகிறவர்கள் நிறையப் பேர்.

இன்னொன்று. குழிக்கு மேலேயே ஓட்டிப் பார்த்தால் நன்றாகத் தெரியும் என்று தோன்றும். தெரியாது. கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். படகுக்கு அடியில் 2 மீட்டர் தண்ணீர். குழி அரை மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் பள்ளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது 4 மீட்டர் தள்ளி இருந்தால் விளிம்பின் நிழல் 20 சென்டிமீட்டர்தான் விழும். குழியில் பாதிகூட இருளாது. அதே குழி 12 மீட்டர் தள்ளி இருந்தால் நிழல் 60 சென்டிமீட்டர். குழி முழுக்கக் கறுத்து, எதிர் விளிம்பு மட்டும் பளிச்சென்று நிற்கும். சாயங்கால வெயிலில் சின்னப் பள்ளமும் எடுப்பாகத் தெரிகிறதல்லவா, அதே கதை. ஒலி சாய்ந்து போனால்தான் பள்ளம் பள்ளமாகத் தெரியும். ஆகவே குழி இருக்கும் என்று நினைக்கிற மேட்டுக்கு 8 முதல் 15 மீட்டர் வெளியே, கரைக்கு இணையாக ஓட்டச் சொல்லுங்கள். மீனும் கலையாது.

மகனுடைய படத்தில் உள்ள குறை வேறு. மூலையில் பாருங்கள், ஒரு பக்கத்துக்கு 40 மீட்டர் என்று வைத்திருக்கிறார். பாதித் திரைக்கு 400 புள்ளி என்றால் ஒரு புள்ளிக்கு 10 சென்டிமீட்டர். அரை மீட்டர் குழிக்கு ஐந்தே புள்ளி. அதில் என்ன தெரியும்? 15 மீட்டராகக் குறைத்தால் அதே குழிக்குப் பதின்மூன்று புள்ளி கிடைக்கும். வீச்சை 15, மிஞ்சினால் 20 மீட்டரில் வையுங்கள். கருவியில் 455 கிலோஹெர்ட்ஸ், 800 கிலோஹெர்ட்ஸ், 1.2 மெகாஹெர்ட்ஸ் என்று தேர்வு இருந்தால் உயர்ந்ததையே எடுங்கள். அலைநீளம் 455இல் மூன்று மில்லிமீட்டர் சொச்சம், 1.2 மெகாஹெர்ட்ஸில் ஒன்றேகால் மில்லிமீட்டர், நுணுக்கம் கூடும். உயர்ந்த ஒலி தண்ணீரில் சீக்கிரம் தேய்ந்துபோகும் என்பது உண்மைதான், ஆனால் 15 மீட்டருக்கு அது ஒரு பிரச்சினையே இல்லை.

வேகம் மணிக்கு 5 முதல் 8 கிலோமீட்டர். நேர்கோட்டில் போக வேண்டும். படகு திரும்பும்போது உள்பக்கத்துப் படம் இழுபடும், வெளிப்பக்கம் நசுங்கும். வட்டக் குழி முட்டை வடிவமாகிவிடும். திருப்பத்தில் வந்த படத்தை நம்பவே வேண்டாம். ஒலியை அனுப்பித் திரும்ப வாங்கும் டிரான்ஸ்டியூசர் சரிந்து மாட்டியிருந்தாலும், படகு இயந்திரக் காற்றாடியின் நுரை அதன் மேல் வந்தாலும் ஒரு பக்கம் இருண்டுதான் வரும்.

அடுத்தது, எப்போது, எங்கே. ப்ளூகில், ரெட்இயர் போன்றவற்றை அங்கே பேன்ஃபிஷ் என்று சேர்த்துச் சொல்வார்கள். வாணலியில் முழுதாக அடங்கும் மீன்கள். ப்ளூகில் குழி தோண்டுவது தண்ணீர் 70 பாகை ஃபாரன்ஹீட்டைத் தொட்டதும். நம் கணக்கில் 21 பாகை. டெக்சாஸில் மே, ஜூன் உச்சம், பிறகும் கோடை முழுக்க விட்டு விட்டு நடக்கும். நீங்கள் போகிற நேரம் கச்சிதம். பௌர்ணமிக்குத்தான் மீன் குழியேறும் என்று அங்கே சத்தியம் செய்வார்கள். நான் திரையின் மூலையில் வரும் வெப்பநிலையைத்தான் முதலில் பார்ப்பேன், நிலாவை அப்புறம். குழி இருக்கும் இடத்தில் தர்பூசணி வாசம் வரும் என்று மூக்கை நீட்டிக்கொண்டு படகோட்டும் பெரியவர்களும் அங்கே உண்டு. உங்களுக்கு வந்தால் எழுதுங்கள்.

காற்று அடிக்காத வளைவுகள், மணலும் சரளையும் கலந்த தரை, வெயில் படும் மேடு: இவற்றைத் துழாவுங்கள். முழங்கால் ஆழத்துக் குழிகளைக் கரையில் நிற்கும் எல்லாரும் பார்த்துவிடுவார்கள். அவற்றுக்கு இந்தக் கருவி தேவையே இல்லை. 2, 3 மீட்டர் ஆழத்தில், கலங்கல் தண்ணீருக்குள் ஒரு கூட்டம் குழி போட்டிருக்கும். பெரிய மீன்கள் பல நேரம் அங்கேதான். சைட் இமேஜிங்குக்குக் கொடுத்த காசு அங்கேதான் வசூலாகும்.

கூட்டம் என்பதுதான் அடையாளம். டெக்சாஸ் ஏரிகளில் ஒரு சின்ன இடத்தில் ஐம்பது ப்ளூகில் குழிகள்வரை இருக்கலாம். லார்ஜ்மவுத் பாஸ் குழி தனித்து, பெரிதாக, அடுத்ததிலிருந்து நன்றாகத் தள்ளி இருக்கும். ரெட்இயர் ப்ளூகில்லுக்குச் சற்று முன்னதாக, சற்று ஆழத்தில் தொடங்கும். நத்தையையும் சிப்பியையும் தொண்டைப் பல்லால் நொறுக்கித் தின்னும் மீன் அது. அரிசோனாவின் ஹவாசு ஏரியில் 2021இல் 2.8 கிலோவுக்கு மேல் ஒன்று பிடிபட்டது. ப்ளூகில்லின் உலகச் சாதனை இன்னும் 1950இல் அலபாமாவில் பிடித்ததுதான், 4 பவுண்டு 12 அவுன்ஸ். கிராப்பி மீனைத் தேட வேண்டாம். அது குழியே சரியாகத் தோண்டாது, திரையில் தெரியாது.

குழி தெரிந்துவிட்டது, மீன் இருக்கிறதா? முட்டை பொரிந்து குஞ்சுகள் போன பிறகும் குழி வாரக்கணக்கில் அப்படியே கிடக்கும். குழிகளின் மேலோ பக்கத்திலோ அரிசி மணி போல வெள்ளைப் பொட்டுகள் இருக்கின்றனவா பாருங்கள். ஒவ்வொரு பொட்டுக்கும் சற்றுத் தள்ளி ஒரு நிழல் விழுந்திருக்கும். நிழல் பொட்டை ஒட்டியே இருந்தால் மீன் தரையோடு இருக்கிறது. விலகியிருந்தால் மேலே மிதக்கிறது. எங்கள் மேலாள் போட்ட கணக்கு இங்கேயும் செல்லும்: 2 மீட்டர் ஆழத்தில் பொட்டு 10 மீட்டரிலும் நிழல் 12 மீட்டரிலும் இருந்தால், மீன் தரைக்கு மேல் ஏறக்குறைய ஓரடி உயரத்தில் நிற்கிறது. குழி காக்கும் ஆண் பெரும்பாலும் அதைவிடக் கீழேதான் இருக்கும்.

பிறகு திரையில் கர்சரைக் குழியின் மேல் வைத்து வேபாயிண்ட், அதாவது இடக்குறி, போடச் சொல்லுங்கள். ஜிபிஎஸ் சில மீட்டர் இப்படி அப்படித் தவறும். திரைப் பெட்டி ஓட்டுநர் பக்கம், டிரான்ஸ்டியூசர் படகின் வாலில் என்பதால் இன்னும் கொஞ்சம் தவறும். எதிர்த்திசையில் ஒருமுறை ஓட்டி மறுபடி ஒரு புள்ளி போட்டால் குழி இரண்டுக்கும் நடுவில் இருக்கும். அப்புறம் கருவியை மறந்துவிட்டு, காற்று வரும் பக்கமாகப் போய், நன்றாக எட்டவே நங்கூரம் போட்டு, சின்னக் கொக்கியில் புழுவையோ சிள்வண்டையோ கோத்து, தக்கையோடு வீசுங்கள். ரெட்இயருக்குத் தக்கை வேண்டாம், புழு தரையில் கிடக்கட்டும். டெக்சாஸ் மீன்பிடி உரிமம் உங்களுக்கும் தனியாக வேண்டும். மகனுடையது உங்களுக்குச் செல்லாது.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். குழி நடுவில் நிற்பது அப்பன். நெற்றி புடைத்து, உடம்பு கறுத்து, நெஞ்சு செம்பு நிறத்தில் இருப்பான். முட்டைமேல் வாலால் விசிறிக்கொண்டு, சாப்பாட்டைக்கூட விட்டுவிட்டுக் காவல் நிற்பான். அவனைத் தூக்கிய சில நிமிடங்களில் பக்கத்தில் காத்திருப்பவை முட்டையைத் துடைத்துவிடும். அவன் ஊரில் அவனுக்குத் தொல்லை ஏற்கெனவே அதிகம்: குழி தோண்டாமலே, பெண் மீனின் நிறத்தைப் போட்டுக்கொண்டு நுழைந்து வேலையை முடித்துவிட்டு ஓடும் குட்டி ஆண்களும் உண்டு. கனடாவின் ஒண்டாரியோவில் ஓப்பினிக்கன் ஏரியில் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். பெரிய ஆண்களையே பொறுக்கி எடுத்துக்கொண்டிருந்தால் மிச்சமுள்ளவை பிஞ்சிலே பழுத்து, வளராமல் சிறுத்தே நின்றுவிடும் என்பதையும் மீன்வள ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத கூட்டத்தைக் கருவி காட்டிக்கொடுக்கிறது. காட்டியதை எல்லாம் வாளியில் போட வேண்டியதில்லை. ஒரு கூட்டத்தில் குழம்புக்கு நாலைந்து, அதுவும் நடுத்தர அளவில் எடுத்துவிட்டு நகருங்கள். அடையாளமிட்ட இடத்தை வாட்ஸ்அப்பில் போடாதீர்கள்.

கேள்வி: மேலே எழுதியவரின் மனைவி நான், அதே உறையில் வைக்கிறேன். குழியை அவர் கண்டுபிடிப்பார், மீனை நான்தான் ஆய வேண்டும். அந்த மீனுக்கு நம் மசாலா ஒத்துவருமா?
வாசகி, ஈசூன்

பதில்: தாராளமாக வரும். சதை வெள்ளையாக, இனிப்பாக, திலாப்பியாவைவிட மென்மையாக இருக்கும். சேற்று வாடை குறைவு. முதுகு முள் கையைக் கிழிக்கும், முதலில் அதைக் கத்தரித்துவிடுங்கள். செதிலை உரசி, தலையையும் குடலையும் எடுத்து, இரு பக்கமும் கீறி, மஞ்சள், மிளகாய்த்தூள், உப்பு, கொஞ்சம் அரிசி மாவு. அங்கே சோளமாவில் புரட்டிப் பொரிப்பார்கள், அதுவும் நன்றாகத்தான் இருக்கும். குழம்பில் போட்டால் கரைந்துபோகும், கரண்டி போடாதீர்கள். ஆய்வது பற்றி: கண்டுபிடித்தவர் கையிலேயே கத்தியைக் கொடுப்பதுதான் முறை என்பது இந்தப் பக்கத்தின் நெடுநாள் கொள்கை.

கேள்வி: பிடோக் நீர்த்தேக்கத்தில் காலை நடை போகும்போது கரையோரத் தண்ணீருக்குள் வட்ட வட்டமாகக் குழிகள் பார்க்கிறேன். யாரோ தோண்டியது போல் இருக்கிறது. இதுவும் மீன் வேலையா? சோனார் இருந்தால் இன்னும் கண்டுபிடிக்கலாமா?
வாசகர், பிடோக் நார்த்

பதில்: மீன் வேலைதான். பெரும்பாலும் திலாப்பியா. ஆண், வாயால் மணலை அள்ளி அள்ளித் துப்பி வட்டம் போடுகிறது. ஆனால் ப்ளூகில்லுக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம். இங்கே பரவலாக உள்ள திலாப்பியாவில் பெண் முட்டையிட்டதும் வாயில் கவ்விக்கொண்டு போய்விடும். குஞ்சு வெளிவரும்வரை வாய்தான் தொட்டில். குழியில் நீங்கள் பார்க்கும் ஆண் முட்டையைக் காப்பதில்லை, அடுத்த பெண்ணுக்காகக் கடையைத் திறந்து வைத்திருக்கிறது. குழி இருப்பதால் முட்டை இருக்கிறது என்று அர்த்தம் இல்லை.

பீக்காக் பாஸ் மீன் வேறு மாதிரி. கல், கட்டை போன்ற கெட்டியான இடத்தில் முட்டையை ஒட்டி வைத்து, அப்பா அம்மா இருவரும் காவல். தண்ணீரில் ஒரு ஜோடி ஒரே இடத்தைச் சுற்றிக்கொண்டு, வருகிற எதையும் முட்டித் தள்ளினால் தூண்டிலைப் பையில் வைத்துவிட்டு வேடிக்கை பாருங்கள்.

சோனார் வேண்டாம். நம் நீர்த்தேக்கங்களில் பொதுப் பயனீட்டுக் கழகம் குறித்த இடத்தில் நின்று, செயற்கை இரையை மட்டும் போட்டுத்தான் மீன் பிடிக்கலாம். படகில் ஏறி வரி வரியாகத் துழாவும் கதையே இல்லை. கரையோரக் குழிக்குப் போலரைஸ்டு கண்ணாடி போதும். தண்ணீர் மேல் கூசும் ஒளியை அது வெட்டிவிடும். சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, காலை ஒன்பது மணிக்கு மேல் போங்கள். அதற்கு முன் ஒளி சாய்ந்து விழும், உள்ளே தெரியாது. பிடோக் முன்பு மணல் தோண்டிய குழி, 1986இல் நீர்த்தேக்கமானது.

கேள்வி: ஐயா, சோனார் சத்தம் போட்டால் மீனுக்குக் காது வலிக்காதா? எங்கள் வகுப்பில் இதைப் பற்றிச் சண்டை வந்தது.
மாணவர், ஜூரோங் வெஸ்ட்

பதில்: நல்ல சண்டை. ஒலி எவ்வளவு வேகமாக அதிர்கிறது என்பதைப் பொறுத்துத்தான் காதுக்கு எட்டும். நமக்கு 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் கேட்காது. பெரும்பாலான மீன்களுக்கு ஓரிரு கிலோஹெர்ட்ஸுக்கு மேலேயே ஒன்றும் கேட்காது. விதிவிலக்கு உண்டு: அமெரிக்கன் ஷேட் என்ற மீன் 180 கிலோஹெர்ட்ஸ்வரை உணரும், தன்னைத் தின்ன வரும் ஓங்கிலின் (டால்பின்) ஒலியைக் கேட்டுத் தப்பிக்கத்தான் என்று கருதுகிறார்கள். ஓங்கிலுக்கே 150 கிலோஹெர்ட்ஸ் சுமார்வரைதான். சைட் இமேஜிங் பெரும்பாலும் 455இல் தொடங்குகிறது. ஆகவே ப்ளூகில்லுக்கு அது கேட்காது. அதற்குக் கேட்பது படகு இயந்திரத்தின் உறுமலும், நீ தரையில் போடும் தகர டப்பாவும்தான். சண்டையில் நீ எந்தக் கட்சி என்று எழுதவில்லையே தம்பி?

கேள்வி: கணவர் மூவாயிரம் வெள்ளிக்கு மேல் கொடுத்து சைட் இமேஜிங் வாங்கினார். ஒரு வருடம் ஆகவில்லை, இப்போது லைவ் சோனார்தான் சரி, இதை விற்றுவிட்டு அதை வாங்குகிறேன் என்கிறார். நண்பர் படகில்தான் போகிறார், சொந்தப் படகுகூட இல்லை. என்ன சொல்வது?
வாசகி, செங்காங்

பதில்: இரண்டும் ஒன்றுக்கு ஒன்று மாற்று இல்லை அம்மா. சைட் இமேஜிங் நகர்ந்துகொண்டே வரைபடம் போடும். படகு நின்றால் படமும் நின்றுவிடும், ஒரே வரி திரும்பத் திரும்ப வரும். லைவ் சோனார், 2018இல் கார்மின் லைவ்ஸ்கோப்போடு பரவலானது, நின்ற இடத்திலிருந்து முன்னால் நடப்பதை அப்போதைக்கப்போது காட்டும். மீன் இரையைப் பார்த்துத் திரும்புவதுகூடத் தெரியும். தேடுவதற்கு முன்னது, பார்த்துக்கொண்டே பிடிப்பதற்குப் பின்னது. என் அபிப்பிராயம் கேட்டால், மீன் முகத்தைத் திருப்பிக்கொள்வதைத் திரையில் பார்த்துக்கொண்டு உட்காருவதில் எனக்கு ருசி இல்லை. உங்கள் வீட்டு விஷயத்தில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: வாங்கியதில் எடுத்த படத்தில் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது, ஏன்? பதில் சொல்லிவிட்டால் அடுத்ததை வாங்கட்டும். சொந்தப் படகு வேண்டும் என்று ஆரம்பித்தால் எனக்கு எழுதாதீர்கள், உங்கள் மாமியாரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: விடுமுறையில் நான்கு பேர் மலேசியாவின் கென்யிர் ஏரிக்குத் தோமான் (பெரிய விரால் வகை மீன்) பிடிக்கப் போகிறோம். வாடகைப் படகில் சைட் இமேஜிங் மாட்டிக்கொண்டால் தோமான் குஞ்சுக் கூட்டத்தைக் கண்டுபிடிக்கலாமா?
வாசகர், உட்லண்ட்ஸ்

பதில்: குஞ்சுக் கூட்டத்துக்குக் கண்தான். செந்நிறக் குஞ்சுகள் ஒரு திட்டாக மேற்பரப்பில் வந்து மூச்சு வாங்கும், தண்ணீர் மழைத்துளி விழுந்தது போலப் பொரியும். அடியில் பெற்றோர். பிடித்தால் குஞ்சு அத்தனையும் போச்சு, ஆகவே அந்தத் திட்டைத் தேடி இரை போடும் பழக்கத்தை நான் ஆதரிப்பதில்லை. போட்டுத்தான் ஆவேன் என்றால் முள் மழுக்கிய கொக்கியில் பிடித்து, அதே இடத்தில் உடனே விடுங்கள்.

கருவி வேறொன்றுக்கு அங்கே பயன்படும். 1980களில் அணை கட்டிக் காட்டை மூழ்கடித்து உண்டான ஏரி அது. மரங்கள் தண்ணீருக்குள் இன்னும் நின்றுகொண்டிருக்கின்றன. சைட் இமேஜிங்கில் ஒவ்வொரு மரமும் கிளை கிளையாக நீண்ட நிழல் போடும்; நிழல் நீளத்தைப் பார்த்தால் எது தண்ணீர் மட்டம்வரை வந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். காற்றாடியைக் காப்பாற்றிக்கொள்ளலாம். வீச்சை இங்கே 30 மீட்டருக்கு உயர்த்துங்கள், ஆழம் அதிகம். படகுக்காரர் சொல்வதைத் திரை சொல்வதற்கு முன்னால் கேளுங்கள்.

கேள்வி: பிடோக் ஜெட்டியில் நின்று, தூண்டிலோடு வீசும் உருண்டை சோனார் போட்டால் இதே மாதிரி பக்கவாட்டுப் படம் கிடைக்குமா?
வாசகர், மரீன் பரேட்

பதில்: கிடைக்காது. அது நேர் கீழே மட்டும் பார்க்கும். ஜெட்டி நீரோட்டத்தில் உருண்டை பக்கத்து ஆள் தூண்டிலில்தான் போய்ச் சிக்கும்; அங்கே சனிக்கிழமை ராத்திரி எத்தனை தூண்டில் என்று உங்களுக்கே தெரியும். ஆழம் தெரிய வேண்டுமானால் ஈயக்குண்டு கட்டி இறக்கி, நூலில் முடிச்சுப் போட்டு அளங்கள்.